குதிருக்குள் ஒளிந்த பையன்

போர்க்காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதுவரை எழுதியதெல்லாம் தேவாலய மலருக்கான சிறு கட்டுரைகள்தான்.

கதை அப்பாவிடமிருந்து வந்தது. அவர் இப்போது என்னோடு அஸ்தினாபுரத்தில் இருக்கிறார். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானபோது அவர் சின்னப் பையன். வாத்தியாராக இருந்த தாத்தா, குடும்பத்தை ராயபுரத்திலிருந்து கிளப்பி, தாம்பரம் வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் கொண்டுபோய், ஏரிக்கரையில் ஒரு விவசாயி வீட்டில் சில மாதங்கள் தங்கவைத்தார். முன்பின் தெரியாத வீடு. வண்டிக்காரர் கைகாட்டிய வீடு, அவ்வளவுதான். ஊர்ப் பெயர்கூட அப்பாவுக்கு நினைவில்லை.

அந்த வீட்டில் நெல் கொட்டிவைக்கும் மண் குதிர் ஒன்று இருந்ததை அப்பா அடிக்கடி சொல்வார். ஆகாய விமானம் பறந்தால் அவர் ஓடிப்போய்க் குதிருக்குள் இறங்கிவிடுவாராம்.

"பயந்துட்டேன்னு நினைக்காதம்மா. நெல்லுக்குக் காவல். எதிரி வந்தா முதல்ல நெல்லைத்தான் எடுப்பான்னு எங்கப்பா சொல்லியிருந்தார்" என்பார்.

நாவலில் அந்தக் குதிர் வரும் இடத்தை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. குதிர் எதையும் நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எவ்வளவு உயரம் இருக்கும், உள்ளே என்ன வாசனை அடிக்கும், ஒன்றும் தெரியாது. ஒற்றர்கள், சிப்பாய், ஒரு காதல் எல்லாம் தாராளமாக எழுதிவிட்டேன். ஒரு மண் குதிர் மட்டும் வரவில்லை.

அந்த சமயத்தில் எங்கள் குளியலறைக் குழாய் வெடித்தது. பிளம்பர் சொன்ன சாமான்களை வாங்கச் செம்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட, கடை வைத்திருக்கிறார். பையன் குழாயைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா கேட்டுவைத்தேன்.

"சார், உங்க வீட்ல குதிர் இருந்திருக்கா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "குதிரா? எங்க வூட்ல குதிர்னாலே ஒரு கதை கீது மேடம். யுத்தம் நடந்தப்ப மெட்ராஸ்லேர்ந்து ஒரு வாத்தியார் குடும்பம் எங்க வூட்ல வந்து தங்கிச்சாம். அவங்க பையன் ஏரோப்ளேன் சத்தம் கேட்டாலே குதிருக்குள்ள பூந்துக்குவானாம். ஒரு நாள் பயத்துல உள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டான். விதை நெல்லு மேல!"

கடையில் நின்றிருந்த இன்னொருவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அந்தக் குடும்பத்தைப் பத்தி வேற ஏதாவது சொல்லுவாங்களா?"

"ஏசு கும்பிடறவங்களாம். வண்டில பாத்திரம் பண்டத்தை விட்டுட்டு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கினு வந்தாங்களாம். அதைச் சொல்லிச் சொல்லி எங்க அத்தை இன்னிக்கும் சிரிக்கும்."

ஆர்மோனியப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

"சார், அந்தப் பையன் எங்கப்பா" என்றேன்.

அவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். பிறகு, "உக்காருங்கக்கா" என்று ஸ்டூலைத் தள்ளிப்போட்டுவிட்டு டீக்கு ஆள் அனுப்பினார். மேடமாக உள்ளே போனவள் அக்காவாகிவிட்டேன்.

அத்தை அந்த வீட்டின் கடைசிப் பெண். அப்பாவை விட ஒரு வயது மூத்தவர். கண்பார்வையும் நாக்கும் நன்றாக இருக்கின்றன என்று கடைக்காரர் எச்சரிப்பது போலச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை மட்டும்தான் அப்பாவிடம் சொன்னேன். நெல் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ஆட்டோவில் ஏறினார். பழைய வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில், நாற்காலியில் கடைக்காரரின் அத்தையான அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் குரல் வந்தது.

"இன்னாடா, இப்பவாச்சும் பிளேனு சத்தத்துக்குப் பயப்படாம கீறியா?"

அப்பாவை 'டா' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் விடவில்லை.

"நான் எங்க பயந்தேன்? காவலுக்கு நின்னேன்."

"காவலு! உரல் மேல ஏத்தி உன்னை உள்ள எறக்கி வுட்டதே நான்தான். வெளிய வரத் தெரியாம அழுதே. அதுக்கப்புறம் நடந்ததை உம் பொண்ணு முன்னால சொல்லட்டுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எனக்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது உங்க அம்மாவுக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாதுன்னுல்ல இத்தனை காலம் நினைச்சுட்டிருந்தேன்."

"தெரியாமலா குதிர்ல இருந்த நெல்லு முச்சூடும் வாரி வெயில்ல கொட்டிச்சு? கேட்டவங்ககிட்டல்லாம், பூச்சி புடிச்சிடுச்சுன்னு சொல்லிச்சு. எனக்குத் தலையில ஒரு கொட்டு. 'வாயைத் தொறக்காத, வாத்தியாரம்மா காதுல வுழுந்தா கூசிப்போயிடும், பொட்டியைக் கட்டிடுவாங்க'ன்னு சொல்லிச்சு. நீங்க கிளம்பிப் போற வரைக்கும் நான் தொறக்கல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நெல்லு முளைச்சுதா?" என்றார்.

"முளைக்காம இன்னா? அதைத்தான் வெதைச்சோம். நல்லாத்தான் வெளைஞ்சுது" என்று அந்த அம்மா சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, கடைக்காரரின் மனைவி ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு ஓடிவர வேண்டியதாயிற்று. அன்று எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மா கையை வளைத்து வளைத்துக் காட்டி, குதிர் எப்படி இருந்தது, எந்த மூலையில் நின்றது, உள்ளே எப்படிப் புழுக்கமடிக்கும், அடியில் நெல் வாரும் துளை எவ்வளவு பெரிது என்றெல்லாம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கதையில எனக்கும் இவனுக்கும் கண்ணாலம் கிண்ணாலம் பண்ணி வெச்சிடாத."

நான் திருட்டு முழி முழித்தேன். ஏறக்குறைய அதைத்தான் எழுதிவைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நாவலிலிருந்து ஒற்றர்களைத் தூக்கினேன். சிப்பாயையும் காதலையும் தூக்கினேன். ஒரு வாத்தியார் குடும்பம் வெட்கப்படக்கூடாது என்பதற்காக, விதை நெல்லை வெயிலில் பரப்பிவிட்டுப் பூச்சிமேல் பழி போட்ட ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது ஒரு இடத்திலும் கை நிற்கவில்லை. நாவல் இந்த வருஷம் சிறிய அளவில் அச்சாகி வந்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் சில பிரதிகளை வைத்து, குழாய் வாங்க வருபவர்களிடம் விற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் செம்பாக்கத்தில்தான். இரண்டு பேரும் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். போன வாரம் போன் வந்தது. "வந்து என்னைக் கூட்டிட்டுப் போம்மா. இந்தம்மா காயை நகர்த்தி ஏமாத்தறாங்க" என்றார் அப்பா. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருவரும் அடுத்த ஆட்டத்தில் இருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.