கட்டுப் போட்ட கண்ணும் ஸ்போர்ட்ஸ் காரும்

கண்ணுக்குள் கழன்றிருந்த திரையை ஒட்டவைத்து, மேலே கட்டுப் போட்டு, மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலை குலுங்கக் கூடாது, கட்டை மறுநாள் காலையில் அவிழ்க்கலாம், கறுப்பாகப் படுதா இறங்கின மாதிரி இருந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு உருப்படியாக இருந்ததே அந்த ஒரு கண்தான். இன்னொன்றில் நிறம் தெரியும், ஆள் தெரியாது.

கட்டுக்குள் எல்லாமே கறுப்பு. அதில் படுதா இறங்கினால் எப்படித் தெரியும்? அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அதுவே குடைந்தது.

என் மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு முதலாளிக்கு டிரைவர். அன்றைக்கு அவருடைய ஸ்போர்ட்ஸ் கார் மெட்ராசில் சர்வீஸ் முடிந்து நின்றது. அம்மாவை அதிலேயே கூட்டிப் போ என்று அவரே சொல்லிவிட்டார். தரையோடு தரையாகக் கிடக்கிற வண்டி.

"இதுலயா? பள்ளத்துல எறங்குனா கண்ணு கையில வந்துடும்டா."

"பேஜாரு பண்ணாத மா. இந்த வண்டிய கெட்டியாவும் வச்சிக்கலாம், மெத்துனும் வச்சிக்கலாம். மெத்துனு வச்சிக்கிறேன். தொட்டில் மாதிரி போவும் பாரு."

செங்குன்றம் வரைக்கும் அப்படித்தான் போனது. பிறகு பாலம் வேலை, மேடும் பள்ளமும். ஷேர் ஆட்டோவில் போகிற நாங்கள் மேடு வந்தால் கம்பியைப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் எழுப்பிக்கொள்வோம். இங்கே கம்பி இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே கைக்கு வாகாக உருண்டையாய் ஒன்று இருந்தது. இறுகப் பிடித்தேன். அது கொஞ்சம் திரும்பியது. முன்னால் இருந்த டிவி மாதிரிப் பெட்டி சிவப்பானது. சீட் பெல்ட்டுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறியது.

"தொட்டில்னு சொல்லிட்டு உரல்ல போட்டு இடிக்கிறியே நைனா!"

"ரோடு அப்படி மா."

"மெட்ராஸ்ல மட்டும் ரோட்டுக்கு மெத்த போட்டிருந்தானா?"

கவரைப்பேட்டையில் ஒரு குழியில் தடாலென்று விழுந்து எழுந்தோம். கட்டுக்குள் பளிச்சென்று ஏதோ வெட்டியது. கத்திவிட்டேன். அவன் ஓரங்கட்டினான்.

"ஐயோ மா! நீ புடிச்சிக்கினு இருக்கிறதுதான் வண்டிய கெட்டியாவும் மெத்துனும் மாத்துற திருகு! ரேஸ் ஓட்டுற மாதிரி கெட்டியா வச்சிட்டியே!"

"கை வைக்கிற எடத்துல எவன்டா திருகு வைப்பான்?"

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவன் திருப்பி வைத்தான். வண்டி மெத்தென்று போனது, எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. ஒட்டினது விட்டுப்போயிருந்தால்? வீட்டில் சோறு இறங்கவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

விடிந்ததும் மகன் கை கழுவிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்தான். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி எல்லாம் ஆடியது.

"தெரியுதா மா?"

"பேசாத. ஜன்னலாண்ட போ. இப்ப இந்தப் பக்கம் வா. கீழ குந்து."

எந்தப் பக்கமும் கறுப்பு வந்து அவனை மறைக்கவில்லை.

"வேலைக்கு நேரமாவுது மா."

"ஆவட்டும். இன்னொரு வாட்டி ஜன்னலாண்ட போ."