பதினேழாம் நாள் என் மீன்தொட்டியில் விருந்தாளி விட்ட ஆறு மீன்கள்

நேற்று மாலை அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியபோது, காலியாக இருக்க வேண்டிய என் மீன்தொட்டியில் ஆறு கோல்டு ஃபிஷ் இருந்தன!

விட்டவர் என் மனைவியின் தம்பி. பல்லடத்திலிருந்து வந்திருந்தார்.

"வாங்க மாமா! மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க!"

சிரிக்கவில்லை ஐயா. மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன!

காரணம், அன்று காலைதான் அந்தத் தண்ணீரில் நான் அளந்து அமோனியா ஊற்றியிருந்தேன். (பைத்தியமா என்று கேட்பவர்கள் அடுத்த பத்தியைப் படிக்கவும்.)

மீனின் கழிவு தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்! அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு பாக்டீரியா வேண்டும். இவை ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல், அமோனியாவை மட்டும் ஊற்றி அவற்றை வளர்க்க வேண்டும்.

நேற்று பதினேழாம் நாள். நைட்ரைட் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது; அதை மாற்றும் பாக்டீரியா இன்னும் வரவில்லை.

கண்ணாடியில் காகிதமே ஒட்டியிருந்தேன்: 'மீன் விடக்கூடாது.'

"அதப் பாக்கலையா மாப்ளே?"

"பாத்தனுங்க மாமா. கொழந்தைகளுக்கு எழுதி ஒட்டியிருக்கீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

(எங்கள் வீட்டில் குழந்தை என்று யாரும் இல்லை. மகளுக்கு வயது இருபத்திரண்டு.)

"ஊட்டுக்கு வர்றப்ப வெறுங்கையோட எப்படிங்க வாறது? தொட்டியும் வெறுசா கெடந்துது. மீன்கடைக்காரரும் சொன்னாருங்க, சிறுவாணித் தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, அன்னைக்கே உடலாமுன்னு."

சிறுவாணித் தண்ணீர் நம் நாக்குக்கு இனிக்கும். மறுக்கவில்லை. ஆனால் குழாயில் குளோரினோடு வரும் அந்தத் தண்ணீர், மீன் கழிவை என்ன செய்யும்? ஊர்ப்பெருமை அமோனியாவைத் தின்னுமா?

மனைவியிடம் திரும்பினேன். பதினேழு நாளும் என்னோடு தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டின் நிறம் பார்த்தவர் அவர்!

"தெரியுமுங்க. ஆனா தம்பி ஆசையா கொண்டாந்தத வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது? மொகம் வாடிப்போயிருமல்லங்க?"

ஆக, ஒருவர் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஆறு உயிர்கள் விஷத்துக்குள்!

குளோரின் போகட்டும் என்று இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த டிரம்மில் மீன்களை மாற்றினேன். காற்றுக் குழாயும் போட்டேன். ஆனாலும் இரண்டு இறந்துவிட்டன.

அப்போது மைத்துனர் சொன்னதுதான் உச்சம்.

"ரெண்டுதானுங்களே மாமா போச்சு. நாளைக்கே வேற ரெண்டு வாங்கியாந்து உட்டர்றேனுங்க!"

என் வாழ்நாளில் ஒரு விருந்தாளியைப் பார்த்து நான் கத்தியது நேற்றுதான். அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மனைவி என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. (மைத்துனர் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.)

மிச்சம் நான்கு மீன்கள் டிரம்மில் இருக்கின்றன. இன்று காலை பாதித் தண்ணீர் மாற்றினேன்; இனி தினமும் மாற்றுவேன். ஆனாலும் தொட்டி தயாராகும்வரை அவை அங்கே தாங்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

எனவே ஒரு வேண்டுகோள்.

பல மாதங்களாக நோயில்லாமல் ஓடும் மீன்தொட்டி யாரிடமாவது இருக்கிறதா? அதன் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டித் தர முடியுமா? அதில் வளர்ந்த பாக்டீரியா வந்தால் இந்த நான்கும் பிழைக்க வழியுண்டு. பெரியநாயக்கன்பாளையமோ சத்தியமங்கலமோ, எங்கிருந்தாலும் இன்றே நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. அடுத்தவருக்குக் கொடுக்கிறோமே என்று நம் ஊர் மரியாதையில் அதைப் பளிச்சென்று கழுவிவிடாதீர்கள். உயிர் அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

அழுக்காகவே கொடுங்கள்!