நெஞ்சில் ஒட்டில்லாத கெளுத்தி

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் அட்டெண்டராக இருந்தேன். பாட்டில்களுக்கு ஃபார்மலின் மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் என் வேலை. ஸ்பெசிமன் பிடித்து வருவதும் என் வேலைதான் என்பது துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது.

"கொல்லிமலை ஓடையில சின்னக் கெளுத்தி ஒண்ணு இருக்குதுங்க. வெரல் நீளந்தான். நெஞ்சுல மடிப்பு மடிப்பா ஒட்டு இருக்கும். அதுல பாறையைப் பிடிச்சுக்கும். எத்தனை வேகமாத் தண்ணி வந்தாலும் அடிச்சுக்கிட்டுப் போவாது. பிராக்டிகலுக்கு ரெண்டு வேணும்."

கொசுவலையும் கேனுமாகப் போனேன். மீன் பாறையைப் பிடித்துக்கொண்டது. நான்தான் அடித்துக்கொண்டு போனேன். வலையும் ஒரு செருப்பும் ஓடையோடு போய்விட்டன.

ஒற்றைச் செருப்போடு திரும்பும்போது, அடிவாரத்து ஏரிக்கரையில் ஒருவர் கெளுத்திக் குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். மீசை இருந்தது, அளவும் சரி. இரண்டு வாங்கி, பாட்டிலில் முதுகு தெரிய நிறுத்தி, 'மலைக் கெளுத்தி' என்று லேபிள் ஒட்டினேன். தலைவர் தோளில் தட்டினார். கூச்சமே இல்லாமல் தோளைக் காட்டினேன்.

பிராக்டிகல் தேர்வன்று லேபிளை மறைத்து அந்த பாட்டிலையும் மேசையில் வைத்தோம். ஆண்டு முழுக்க அதையே பார்த்துப் படித்தவர்கள் 'மலைக் கெளுத்தி' என்று எழுதினார்கள். சரசு என்ற மாணவி மட்டும் 'ஏரிக் கெளுத்தி' என்று எழுதியிருந்தாள். சேலத்திலிருந்து வந்த தேர்வாளர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ மட்டும் மாத்தி எழுதியிருக்கே?"

"பாட்டிலைத் திருப்பிப் பாத்தேனுங்க சார். நெஞ்சுல ஒட்டே இல்லீங்க."

"ஃபார்மலின்ல சுருங்கியிருக்கும்." சிவப்பு மையில் சைபர் போட்டார்.

சரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லாததை இருக்குதுன்னு எப்படிங்க எழுதறது?" என்றாள்.

டிரேயைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அவள் மார்க் போகும். டிரேயை மேசையில் வைத்ததில் கத்தரிக்கோல்கள் கலகலத்தன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏரிக்கரையில வாங்குனதுங்க சார்" என்றேன்.

தேர்வாளர் சைபரை அடித்து முழு மார்க் போட்டார். மற்றவர்களுடைய தாள்களை என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைவர் மெமோ கொடுக்கவில்லை. மறுநாள் காலை கேனை மட்டும் கையில் கொடுத்தார். இந்த முறை ஓடையில் மண்டியிட்டு, கல் கல்லாகப் புரட்டினேன். சாயங்காலம் ஒரு மீன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு உதறியும் விழவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அதன்பின் லேபிள் ஒட்டிய எந்த பாட்டிலையும் திருப்பிப் பார்க்காமல் நம்பியதில்லை. லேபிளில் என் கையெழுத்து இருந்தால் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன்.