ராக்கெட்டில் கட்டிய பால்பல்

பட்டாசு ஊர் என்றால் அங்கே தினமும் தீபாவளிதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் தீபாவளியன்றுகூட வெடி கிடையாது. அம்மா வருஷம் முழுக்கக் கம்பெனியில் சரம் பின்னுவாள். பண்டிகையன்று இட்லி அவித்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவாள். கம்பெனியில் கொடுக்கும் வெடிப்பெட்டி, கட்டுப் பிரிக்காமல் கோவில்பட்டி அத்தை வீட்டுக்குப் போய்விடும். எங்கம்மா மாதிரி கஞ்சம் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நான் மூன்றாவது படித்தபோது அந்தக் கம்பெனியில் பல் மருத்துவ முகாம் போட்டார்கள். வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. அதுவரைக்கும் எங்கள் குடும்பத்தின் பல் விவகாரம் ஒரு சிவப்புப் பல்பொடிப் பொட்டலத்தோடு முடிந்துபோகும். அப்பா ஆள்காட்டி விரலால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கொப்பளிப்பார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். வேறொரு கம்பெனியில் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுகிற வேலை அவருக்கு. வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பல் துலக்குவதைவிட ஊர்க்கதை பேசுவதுதான் அதில் அதிகம்.

முகாமில் ஒரு டாக்டரம்மா எல்லாருடைய வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பாவைப் பாக்கு போடுவதை நிறுத்தச் சொன்னார். மாமாவுக்கு இரண்டு சொத்தை. அம்மாவின் பற்களை மட்டும் நன்றாக இருக்கின்றன என்று மெச்சினார். கடைசியில் என் முறை வந்தது. கீழ்வரிசையில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டே விழாமல் நின்றது. அதற்குப் பின்னால் புதுப்பல் தலை காட்டிவிட்டது. ஒரு வாரத்தில் தானாக விழாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குக் கூட்டி வாருங்கள், எடுத்துவிடலாம், இல்லையென்றால் புதுப்பல் கோணலாகிவிடும் என்றார். பிறகு ஆளுக்கொரு பிரஷ் கொடுத்து, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று ஒரு தாளும் கொடுத்தார்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் வீட்டை ஆளத் தொடங்கினேன். காலையும் ராத்திரியும் குழாயடியில் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினேன். பல்லால் நூல் அறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அது அம்மாவுக்காகவே போட்ட வரி. பூக் கட்டினாலும், கொக்கி தைத்தாலும், கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்க அவள் பல்லால்தான் அறுப்பாள். நான் கண்டித்தால் சரிங்க டாக்டரம்மா என்று என்னிடம் பணிவாகச் சொல்லிவிட்டு, அடுத்த நூலையும் கடிப்பாள்.

பல்வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் சுவரிலிருந்த பெரியம்மாவின் படத்தைக் காட்டுவேன். அம்மாவுக்கு அக்கா. படத்தில் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பிறப்பதற்கு முன்பே, வேலைக்குப் போன வெடிக் கம்பெனியில் தீப்பிடித்து இறந்துபோனாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போனான் என்பதைப் போல அதையும் ஒரு கதையாகத்தான் கேட்டு வைத்திருந்தேன். நான் படத்தைக் காட்டிப் பேசும்போதெல்லாம் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு உள்ளுக்குள் உதறல். டாக்டர் ஊசி ஒரு சாண் நீளம் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். கடித்தால் விழுந்துவிடும் என்று அப்பா முறுக்கு வாங்கி வந்தார். முறுக்குத்தான் தீர்ந்தது. சனிக்கிழமையும் வந்துவிட்டது. நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததை மாமாவால் பார்க்க முடியவில்லை. நான் அழுதால் அவருக்கும் முகம் வாடிவிடும். அப்படி ஒரு மாமா.

"ஏ தாயி, ராக்கெட்டு கெளம்புறது கண்ண மூடித் தொறக்கிற நேரந்தான். வலிக்கணும்னு பல்லுக்குத் தெரியிறதுக்குள்ள அது கரிசக்காட்டத் தாண்டிப் போயிருக்கும்" என்றார்.

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. தன் கம்பெனியில் கொடுத்த தீபாவளிப் பெட்டியிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் மிச்சம் பிடித்த ஒரு ராக்கெட்டைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார். சம்பள நாள் என்பதால் அம்மாவின் கம்பெனி வேன் வரத் தாமதமாகும் என்பது மாமாவின் எண்ணம். வீட்டுக்குப் பின்னால் வெறும் கரிசல் காடு. கண்மாயில் மீன் பிடிக்க வைத்திருந்த நைலான் நரம்பின் ஒரு முனையை என் பல்லிலும், மறுமுனையை ராக்கெட் குச்சியிலும் கட்டினார். பாதுகாப்பு முக்கியம் என்று அப்பாவின் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். நரம்பு எட்டிய தூரத்துக்கு என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, பாட்டிலில் ராக்கெட்டை வைத்து ஊதுபத்தியால் திரியைத் தொட்டார்.

அன்றைக்குப் பார்த்து வேன் நேரத்துக்கு வந்துவிட்டது. தூக்குவாளி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அம்மா ஓடி வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டி எனக்கு முன்னால் நின்றாள். என் தலையை ஒரு கையால் வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். மறுகையில் நரம்பைச் சுற்றிப் பிடித்து, குனிந்து பல்லால் கடித்தாள். அதே நொடியில் ராக்கெட் கிளம்பியது. நரம்பு வெடுக்கென்று அறுந்தது. ராக்கெட் ஆகாயத்துக்குப் போகாமல் கோணிக்கொண்டு போய்க் கரிசல் காட்டில் விழுந்து வெடித்தது.

என் பல் அப்படியே இருந்தது. அம்மாவின் முன்பல்லில் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. உதட்டில் ரத்தம்.

அவள் மாமாவைக் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு அறை. மூன்றாவதற்கு ஓங்கிய கை அப்படியே அவர் தோளில் விழுந்தது. "ஏலே, ஒனக்குமாலே மறந்து போச்சு?" என்று கேட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீசை வைத்த அந்த ஆளும் தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பல்லின் மூலைக்காக இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஹெல்மெட்டும், வாயில் தொங்கும் நரம்புமாக நின்றபடி நான் சொன்னேன்:

"பல்லால நூல் அறுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?"

என் பல்லையும் எடுக்கவிடாமல், தன் பல்லையும் உடைத்துக்கொண்டவளோடு அன்றைக்கு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் சிவகாசிக்குப் போனோம். ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பல் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. டாக்டரம்மா என் வாயில் பஞ்சை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அம்மாவைக் கவனித்துவிட்டார். போன வாரம் நன்றாக இருந்த பல் எப்படி உடைந்தது என்று கேட்டார். மாமா கதவோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"முறுக்கக் கடிச்சேங்கம்மா" என்றாள் அம்மா.

அது பச்சைப் பொய். முறுக்கு முழுவதையும் தின்றவள் நான். வாயில் பஞ்சு இருந்ததால் வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உடைந்த மூலையை இப்போதே அடைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதற்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள். அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெரியம்மாவின் படத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் மாட்டாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பல் உடைந்தவள், நல்ல பல்வரிசையைப் பார்த்து ஏங்குகிறாள் என்று நினைத்துப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், பஞ்சை எடுத்துவிட்டு ஆறுதல் சொன்னேன்.

"கவலப்படாதம்மா. நான் சொல்றபடி கேட்டா நீயும் பெரியம்மா மாதிரி ஆயிரலாம்."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பல் எடுத்த இடத்தில் சுரீரென்று வலித்தது. நல்லதைத்தானே சொன்னேன், அதற்குப் போய் இப்படிப் பண்ணுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.