பெருநாளுக்கு அடுத்த நாள் பரீட்சை

பல்கலைக்கழகம் கிடைத்தவுடன் ஊரே புத்தி சொல்ல வந்துவிடும். கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் கெம்பஸ் வாசலைக் கண்டதில்லை. ஆனாலும் அந்த வருடங்களை வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆளுக்கொரு வகுப்பு எடுத்தார்கள். புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றார் ஒருவர். கண்டவர்களோடு கூட்டுச் சேராதே என்றார் ஒரு மாமி. முதல் நாள் மேடையில் பேசிய விரிவுரையாளர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். பட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கிருந்து நீங்கள் கொண்டுபோகப் போகும் பெரிய சொத்து நண்பர்கள்தான் என்றார். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அவளை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். வரிப்பத்தான்சேனையில் இருந்து வந்தவள். வாப்பா வயல் செய்பவர். அவள் விடுதியில் தங்கியிருந்தாள், நான் கல்முனையில் இருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பதில் தெரிந்திருந்தாலும் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். எனக்கோ பதில் தெரியாவிட்டாலும் வாய் மூடாது. ஒட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்குக் கை வரவில்லை.

கெம்பஸ் வாழ்க்கையில் ஒன்றையும் விட்டுவைக்கக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம். சரியாகச் சொன்னால், முடிவெடுத்தது நான், தலையாட்டியது அவள். ஆங்கில விவாதக் குழுவில் சேர்ந்தோம். அவள் மேடையில் நின்று நடுங்கியபோது கீழே இருந்து கை சிவக்கத் தட்டியது நான்தான். விடுதியில் சிங்களப் பிள்ளைகளின் அறைக்குப் போய்ச் சிங்களம் பழகினோம், பதிலுக்குத் தமிழ் பழக்கினோம். நூலகத்தில் இருந்து காவலாளி எழுப்பி அனுப்பும் வரைக்கும் இருப்போம். வெள்ளிக்கிழமைகளில் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவேன். உம்மா மீனின் நடுத்துண்டை அவளுக்கு வைப்பார், எனக்கு வால். விடுதிப் பிள்ளை பாவமாம். நானும் வாலைத் தின்றுகொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

எனக்குக் கெம்பஸில் கிடைத்த பெரிய சந்தோஷம் குப்பிதான். பரீட்சை நெருங்கும்போது பாடம் விளங்கியவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று பெயர். அதற்குக் காசு கிடையாது. ஒரு பிளேன்டியும் பணிஸும் வாங்கித் தந்தால் பெரிய மரியாதை. ஒரே வருடம் சேர்ந்த எங்கள் பெட்ச்சில் புவியியலுக்குக் குப்பி என்றால் நான்தான். மலையே இல்லாத கரையில் பிறந்தவர்களுக்குச் சமவுயரக் கோடுகளை விளங்கப்படுத்துவது லேசு இல்லை. கன்டீனில் ஒரு கோப்பைச் சோற்றைக் குவித்து வைத்து, கரண்டியால் மட்டம் மட்டமாக வெட்டிக் காட்டினேன். எல்லோரும் சோற்றைப் பார்த்துச் சிரித்தபோது அவள் மட்டும், தண்ணி நிற்பதற்காக மேட்டு வயலில் வரம்பு வளைந்து வளைந்து போவது இதனால்தானே என்று கேட்டாள். எனக்கே அது தோன்றியதில்லை. அவள் மக்கு இல்லை. அதை நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

புவியியலில் சிறப்புப் பட்டம் படிக்க வேண்டும் என்பது எனக்கு வெறும் ஆசை இல்லை. முதலாம் வருடப் புள்ளிகளைப் பார்த்துப் பத்துப் பேரை மட்டும் எடுப்பார்கள். அவர்களுக்கு நான்கு வருடம், மற்றவர்களுக்கு மூன்று வருடத்தோடு பொதுப் பட்டம். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டி வைத்துத்தான் கல்யாணம் பேசுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எனக்கான வீட்டின் அத்திவாரம் எங்கள் வளவில் ஏற்கெனவே போட்டாயிற்று. வாப்பா நியாயமான மனிதர். சிறப்புக்கு எடுபட்டால் நான்காம் வருடமும் படி, அதற்குப் பிறகு விரிவுரையாளராகப் போகக் கிடைத்தாலும் போ, நான் தடுக்கமாட்டேன், எடுபடாவிட்டால் மூன்றாம் வருடத்தோடு கல்யாணம் என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்தப் பத்துக்குள் ஒரு இடம் எனக்கு வேண்டும். இது அவளுக்கும் தெரியும். அவளுக்கும் அதே இடம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று நம்பினேன்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் காலையில் ஒரு பரீட்சையைப் போட்டார்கள். புள்ளி சேரும் பரீட்சை. எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். அவள்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“பெருநாளைக்கு மறுநாள் என்னெண்டு கா வாற? வீடு நிறையச் சனம், இறைச்சி பங்கு வைக்கிற. வாப்பா விடமாட்டார்.”

அவ்வளவுதான். பெட்ச் கூட்டத்தில் எழுந்து நின்று கதைத்தது நான். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் பெருநாளை விட்டுவிட்டு வரவேண்டுமா என்று கேட்டேன். திகதியை மாற்றும் வரைக்கும் ஒருவரும் போகக்கூடாது என்று முடிவானது. பெட்ச் முடிவு என்றால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒருவர் போனாலும் போகாத அத்தனை பேருக்கும் பூச்சியம். ஒருவரும் போகாவிட்டால் திகதியை மாற்றுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. தயங்கிய இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடித்துக் கெஞ்சியதும் நான்தான். ஆனாலும் பரீட்சைக்கு உரிய குப்பியைப் பெருநாளுக்கு முந்திய வாரமே செய்து முடித்தேன். அவள் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் எழுதினாள்.

பரீட்சை நாள் சுபஹ் தொழுதுவிட்டு போனைப் பார்த்தால் அவளுடைய செய்தி இருந்தது. ஒருவரும் போகவில்லை, பயப்படாமல் நித்திரை கொள் என்று போட்டிருந்தாள். நான் நித்திரை கொள்ளவில்லை, முற்றத்தைக் கூட்டினேன். கூட்டி முடிக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவளுடைய வாப்பா. கையில் ஒரு சொப்பிங் பேக் நிறையக் குர்பான் இறைச்சி. உம்மாவுக்கென்று அவளுடைய உம்மா தனியாக எடுத்து வைத்த பங்கு என்றார். இவ்வளவு தூரம் ஏன் மெனக்கெட்டு வந்தீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, எப்படியும் கெம்பஸ் வரைக்கும் வந்ததுதானே என்றார்.

“மகளக் கெம்பஸ் வாசல்ல உட்டுட்டுத்தான் வாறன். இண்டைக்கு என்னவோ சோதினையாம், பெருநாளெண்டும் பாராம வெச்சிரிக்கிறானுகள். நீ போகல்லையா மகள்?”

அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் சொன்னதை நம்பியிருந்தார், என்னைப்போல.

அவர் போனதும் அவளுக்கு எடுத்தேன். போன் நிறுத்தப்பட்டிருந்தது. பெட்ச் தலைவனுக்கு எடுத்தேன். அவன் நித்திரைக் குரலில் எரிந்து விழுந்தான். நீயே சொல்லிவிட்டு நீயே குழப்பாதே, ஒருவரும் போகமாட்டார்கள் என்றான். பரீட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது. உம்மா உள்ளே ஓடி என்னுடைய அபாயாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஓட்டோவக் கூப்பிடுறன், வெளிக்கிடு. மத்தவங்களப் பிறகு பாத்துக்கொள்ளலாம்.”

நான் போகவில்லை. நூலகத்துக்குப் போயிருப்பாள் என்றேன். விடுதியில் எதையாவது எடுக்கப் போயிருப்பாள், வீட்டில் இருந்து தப்புவதற்குப் பரீட்சை என்று பொய் சொல்லியிருப்பாள் என்றேன். அவளுக்காக நான் கட்டிய காரணங்களை அவளே கட்டியிருக்க மாட்டாள். நான் போய், அவள் அங்கே இல்லாமல் இருந்துவிட்டால்? நான் கெஞ்சி நிறுத்தி வைத்த பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது? உம்மா அபாயாவைக் கதிரையில் போட்டுவிட்டு இறைச்சியைக் கழுவப் போனார். பகல் அந்த இறைச்சிதான் கறி. நான் வெறும் சோற்றைத் தின்றேன்.

ஏழு பேர் போயிருந்தார்கள். துறையில் கணக்கு எளிதாக முடிந்தது. வந்தவர்களுக்குப் புள்ளி, வராதவர்களுக்குப் பூச்சியம், மறுபரீட்சை இல்லை. எல்லோருமாகப் போய்க் கேட்டோம், கடிதம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. வருட முடிவில் பத்துப் பேரின் பெயர் வந்தபோது அவள் பத்தாவது. நான் அதற்குக் கீழே.

அவள் மேல் வந்த கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பெட்ச் மேல் வந்த ஆத்திரத்தைத்தான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சிறப்புப் பட்டம் ஒரு பொருட்டே இல்லை. பொதுப் பட்டம் போதும், ஏதாவது அரசாங்க வேலை கிடைத்தால் போதும். அந்தப் பூச்சியம் அவர்களைச் சுடவில்லை. ஒரு மாதம் போனதும் அதே கன்டீன் மேசையில் இருந்துகொண்டு என்னிடமே கேட்டார்கள், உனக்குப் பக்கத்தில்தானே வீடு, நீயாவது போயிருக்கலாமே என்று. கெட்டிக்காரிக்கு இந்தச் சின்ன விஷயம் விளங்கவில்லையா என்று ஒருத்தி சிரித்தாள். போனவர்களை ஒரு வாரம் ஒதுக்கி வைத்தார்கள். பிறகு அவர்களுடைய பிறந்தநாள் கேக்கையும் தின்றார்கள். கடைசியில் முடிவுக்குக் கட்டுப்பட்ட பைத்தியம் நான் ஒருத்திதான் என்பதுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் குப்பி எடுக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தலையிடி என்று சொன்னேன்.

அவள் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் ஒரே வளவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். விவாதக் குழுவுக்கு அவள் தலைவியானாள். இப்போது நடுங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

மூன்றாம் வருடம் முடிந்து வாப்பா சொன்னபடி கல்யாணம் பேசினார்கள். நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வளவில் மேசன்மார் சுவர் பூசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். முன்பு வருவதுபோலவே, சொல்லாமல் கொள்ளாமல். உம்மா முகத்தைச் சுளித்தாலும் தேத்தண்ணி ஊற்றினார். உனக்குக் கல்யாணமாமே, சந்தோஷம் என்றாள். பிறகு பேக்கில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நான்காம் வருட ஆய்வுக்கு உரிய புள்ளிவிபரப் பாடமாம். தலைகீழாக நின்றாலும் விளங்கவில்லையாம். ஒரு பின்னேரம் இருந்து சொல்லித் தந்தால் போதுமாம்.

இவளுடைய நெஞ்சு எதனால் செய்தது என்று நினைத்தேன். இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்த கேள்வி தானாக வாயில் வந்தது. நான் கதைத்ததே உனக்காகத்தானே, பிறகு ஏன் போனாய் என்று கேட்டேன். போனதையாவது விடு, அந்தச் செய்தியை ஏன் போட்டாய் என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“வரமாட்டன் எண்டு சொல்லக்குள்ள உண்மையாத்தான் சொன்னன். பெருநாள் ராவு யோசிச்சன். நீ வந்திருந்தா எனக்குக் கிடைச்சிரிக்காது. நீ வராட்டித்தான் எனக்கு வழி.”

பிறகு தன்னை மன்னித்துவிடச் சொன்னாள். மனம் திறந்து சொன்னதற்குக் கூலி கேட்பதுபோல் இருந்தது. போ என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கண் அந்தப் புத்தகத்திலேயே கிடந்தது. யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுத்து எவ்வளவு நாளாகிவிட்டது. அவள் எடுத்துக்கொண்ட இடத்தை எடுத்திருக்கட்டும், அந்த இடத்தில் இருந்துகொண்டும் அவளுக்கு விளங்காததை நான் விளங்கப்படுத்திக் காட்டுகிறேன் என்று ஒரு வெறி வந்தது. புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். அவள் அவசரமாகக் கொப்பியை விரித்து, பேனை மூடியைக் கழற்றினாள்.

அவள் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு முந்திய பக்கத்துக்குப் போனேன். பிறகு அத்தியாயத்தின் தொடக்கத்துக்கு. அதற்கும் முன்னால், புத்தகத்தின் முதல் பாடத்துக்கே போனேன். குறியீடுகள் எல்லாம் புதிது. இதற்கு அடிப்படையான பாடங்கள் இரண்டாம் வருடத்திலேயே தொடங்கியிருக்கின்றன, சிறப்புப் பிரிவு வகுப்பில், நான் இல்லாத அறையில். தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பேனையைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எங்களுக்குப் படிப்பிக்கல்ல” என்றேன்.