முந்தியில் நெய்த ஒல்லி எழுத்து

பிள்ளைங்களா, நான் எட்டாவதோட நின்னவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்படிப்பட்டவன், ஒரு கல்யாணப் பெண்ணோட பேரை இங்கிலீஷில் சேலை முந்தியில் நெய்ய ஒத்துக்கிட்டேன்.

அந்தப் பெண் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "இதே எழுத்துதான் வேணும்ணா. விண்டேஜ் ஃபாண்ட்," என்றாள். பழைய பிஸ்கட் டப்பா மேல பார்த்திருப்பீங்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு எழுத்தும் ஒல்லியா, நெட்டையா, பக்கத்து எழுத்தோட நெருக்கியடிச்சு நிக்கும். கோடு முடியற இடத்திலெல்லாம் குட்டிப் பாதம். சிலதுக்கு வால் சுருண்டிருக்கும்.

டிசைன் போடுறவர் கம்ப்யூட்டரில் வரைஞ்சு பார்த்தார். "அகலமான எழுத்தா இருந்தா பேரு பாதியில நின்னிருக்கும்பா. இது ஒல்லி, முழுசா அடங்குது. ஆனா அந்தப் பாதம் ரெண்டே இழை. ஒண்ணு அறுந்தாலும் எழுத்து நொண்டும்," என்று சொல்லி, எந்த இழை எழும்பணும்னு தறிக்குச் சொல்ற, துளை போட்ட அட்டைகளைக் கொடுத்தார்.

தறியில் சேலையோட முகம் கீழே இருக்கும், முதுகுதான் நம்மைப் பார்க்கும். இருபது வருஷமா நெய்யறவனுக்கு இது தெரியாதா? ஆனா அதுவரை நெய்ததெல்லாம் மயிலும் மாங்காயும். மயில் எந்தப் பக்கம் பார்த்தா என்ன? ஒரு விரல்கடை நெய்து பார்த்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலமாத் திரும்பி நின்னுது. அட்டையைத் தப்பாக் கோத்துட்டோம்னு பதறி, பிரிச்சு, அட்டையைத் திருப்பிக் கோத்து, முழுப் பேரையும் நெய்து முடிச்சேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க அச்சடிச்ச மாதிரி இருந்தது.

உங்க அம்மா தறிக்கு அடியில் குனிஞ்சு, துணியோட முகத்தை அண்ணாந்து பார்த்தா. ஒரு கையில் பத்திரிகை.

"என்னாங்க, வால் இதுல இந்தப் பக்கம் இருக்குது. சேலையில அந்தப் பக்கம் போவுதே?"

"உனக்கு என்னா இங்கிலீஷ் தெரியும்?"

"இங்கிலீஷ் தெரியாது. வால் தெரியும்."

அப்பத்தான் புரிஞ்சது, முதல்ல திரும்பி நின்னதுதான் சரி. கல்யாணத்துக்கு ஆறே நாள். அந்தப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு வேற சேலையும் எடுக்கலை. ரெண்டு நாள் ரெண்டு பேரும் உட்கார்ந்து, நீளவாக்கில் ஓடுற பாவு இழை அறுந்துடாம, எழுத்து நெய்த ஜரிகையை இழை இழையா உருவினோம். அப்புறம் அட்டையைப் பழையபடி கோத்து, எனக்கே படிக்க வராத திருப்பின எழுத்தை நெய்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தாயும் பெண்ணும் வந்தாங்க. தாய் முந்தியைத் தடவிப் பார்த்து, "இங்க மட்டும் ஏன் பஞ்சாட்டம் இருக்குது?" என்று கேட்டாங்க. பிரிச்சு நெய்ததில் இழை பிசிறிப்போச்சுன்னு நடந்ததைச் சொல்லிட்டேன். அவங்க முகம் மாறிடுச்சு. பெண் ஒவ்வொரு எழுத்தா, பாதம் வரைக்கும் விரலை ஓட்டிக்கினு போனா.

"என் பேரையே திருப்பி நெய்துட்டீங்களாண்ணா!" என்று சிரிச்சா. "விடும்மா, இந்தப் பஞ்சு போட்டோல தெரியாது. எழுத்து அப்படியே வந்திருக்குது."

சேலையை மடிச்சு எடுத்துக்கினு போனாங்க. வண்டி தெருமுனை திரும்பினதும் உங்க அம்மா சோறு போட்டா. அஞ்சு நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்கிச்சு.