சயாமுக்குப் போகாமலிருக்க ஒரு சீட்டு

சாம்பல் நீரில் துவைத்த சட்டைக்கு ஒரு வாடை உண்டு... ஈரக் கரியும் வியர்வையும் கலந்தது. ஜப்பானியர் காலத்தில் சோப்பு ஏது? மலாய் நாட்டில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் எல்லார் மீதும் அந்த வாடைதான்.

அன்று காலை அப்பா அப்படியொரு சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டத்தை மூடிய பிறகும் கிராணியாகவே நடந்தார்.

வேலைச் சீட்டு இல்லாத ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கான விண்ணப்பப் பாரத்தை ஜப்பானிய எழுத்தில் நிரப்ப வேண்டும். வீட்டில் அது தெரிந்தவள், ஜப்பானியப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நான் மட்டுமே. வயது பத்து.

"கிராணின்னு எழுது. பதினெட்டு வருஷம் பேனா புடிச்சவன் நான்."

"பேனாவ இப்ப யாருங்க கேக்குறா? கிழங்கு நடுற ஆளுக்குத்தான் சீட்டாம்," என்றார் அம்மா.

"நீ சும்மா இரு."

அம்மா சும்மா இருந்தார். நான் இருக்கவில்லை. மரவள்ளி பயிரிடுபவர் என்று எழுதினேன். பொய்யும் அன்று, வீட்டுக்குப் பின்னால் அவர் நட்டதைத்தான் தின்றுகொண்டிருந்தோம்.

மேசையிலிருந்த மொழிபெயர்ப்பாளர் பாரத்தைப் படித்தார். பிறகு அப்பாவின் சட்டையைப் பார்த்தார். "கிழங்குத் தோட்டமா? நீயா?" என்றார் மலாயில்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தால் கிராணி என்பார், அத்தோடு லாரிதான்... அதற்குள் அம்மா அவருடைய வலது கையைப் பிடித்து மேசைமேல் விரித்து வைத்தார். உள்ளங்கை முழுதும் மண்வெட்டிக் கொப்புளங்கள்.

முத்திரை விழுந்தது.

"கிராணியத் தோட்டக்காரனாக்கிட்டாளே உன் மக!" என்று அப்பா வழியெல்லாம் பொருமினார்.

"உசுரோட இருக்கிற தோட்டக்காரன். நடங்க."

எனக்கு அவர் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மாதம் எதிர்வீட்டு மாணிக்கம் மாமாவை ஏற்றினார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லை, விசா கேட்கவில்லை... பெயரையாவது எழுதிக்கொண்டார்களா, தெரியாது. அவர் திரும்பவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, நேற்று நம் இணையக் குழுவில் ஒரு தம்பி, ஆஸ்திரேலியாவில் வேலைக்குப் போக இருபத்திரண்டு டாக்குமெண்ட் கேட்கிறார்கள் என்று புலம்பியிருந்தார். "மனுஷன நம்பவே மாட்டானுங்களா?"

நம்ப வேண்டாம், தம்பி. என்ன வேலை, எத்தனை மாதம், யார் பொறுப்பு... எல்லாவற்றையும் கேட்கட்டும். எழுதிக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கணவர் எங்கே என்று போய்க் கேட்க, மாணிக்கம் மாமாவின் மனைவி கையில் ஒரு தாள்கூட இல்லை.